கலவை மெஷினுக்கு மோட்டார் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையைச் சுற்றி வாடகைக்குப் போகும் கலவை மெஷின்களில் டீசலில் ஓடுவதும் உண்டு, கரண்டில் ஓடுவதும் உண்டு. இங்கே கரண்டு மெஷின்களைப் பற்றி மட்டும். மெஷின் வைத்து வாடகைக்கு விடுபவர்கள், மேஸ்திரிகள், சொந்த வீடு கட்டிக்கொண்டு சைட்டிலேயே நிற்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மோட்டாரைக் கழற்றி மாட்டுவது அரை நாள் வேலை. பழையது ஏன் போனது என்று பார்க்காமல் புதியதை மாட்டினால், அடுத்த கான்கிரீட் போடுவதற்குள் அதுவும் போகும். கரண்டு இணைப்பு வேலையை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனிடம் விடுங்கள்.

மோட்டார்தான் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது?

பியூஸ் கேரியரைக் கழற்றி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பெல்ட்டைக் கழற்றுங்கள். டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்ற முடியவில்லை என்றால் குற்றம் மோட்டார் மேல் இல்லை. டிரம்மைச் சுற்றியிருக்கும் ரிங் கியர் பல்லுக்கு இடையில் கலவை இறுகியிருக்கும், இல்லாவிட்டால் டிரம் பேரிங் பிடித்திருக்கும். டிரம் லேசாகச் சுற்றினால் மோட்டார் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று தடவினாலோ மேலும் கீழும் ஆடினாலோ பேரிங் போயிருக்கிறது. பேரிங் மாற்றினாலே பிழைத்துக்கொள்ளும் மோட்டார்கள் நிறைய.

சிங்கிள் பேஸ் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் முதலில் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். வீங்கியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். கழற்றும் முன் அதில் தங்கியிருக்கும் கரண்டை ஒரு பல்பு வழியாக இறக்கிவிடுங்கள். கண்டென்சர் நன்றாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் உள்ளே இருக்கும் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் (வேகம் பிடித்ததும் தானே பிரியும் சுவிட்ச்) காரணம். நல்ல மோட்டாரை நிறுத்தும்போது வேகம் குறைந்து நிற்கப் போகும் நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சுவிட்ச் திரும்ப ஒட்டும் சத்தம் அது. சில நாட்களாக அந்த 'டிக்' கேட்கவில்லை என்றால் அங்கேதான் கோளாறு.

இவை எல்லாம் சரி, ஆனால் வார்னிஷ் கருகிய வாடை அடிக்கிறது என்றால் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிக் கட்டு) எரிந்துவிட்டது. வாடை இல்லாவிட்டாலும் 500 வோல்ட் மெக்கர் (கரண்டு கசிவைக் காட்டும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் பாடிக்கும் இடையில் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கக் கூடாது.

எரிந்த மோட்டாரைப் பார்த்து, ஏன் எரிந்தது என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். காயில் கட்டும் பட்டறையில் மூடியைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெட்டி எறிந்த பிறகு போய்க் கேட்டுப் பிரயோஜனமில்லை.

த்ரீ பேஸ் மோட்டாரின் காயில் வட்டத்தை முன்னால் இருந்து பாருங்கள். சில கட்டுகள் கரியாகவும் சில கட்டுகள் புதிது போலப் பளபளப்பாகவும் மாறி மாறி இருந்தால், ஒரு பேஸ் வராமல் மோட்டார் ஓடியிருக்கிறது. ஸ்டார், டெல்டா என்பவை காயில் முனைகளைச் சேர்க்கும் இரண்டு விதங்கள். ஸ்டாரில் கட்டிய மோட்டார் என்றால் மூன்றில் இரண்டு பங்கு கருகி ஒரு பங்கு தப்பித்திருக்கும். டெல்டா என்றால் தலைகீழ், மூன்றில் ஒரு பங்கு கருகியிருக்கும், மற்றவை நன்றாக இருக்கும். இது மோட்டாரின் குற்றமே இல்லை. பியூஸ் போயிருக்கலாம், ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கான்டாக்டர் சுவிட்சில் ஒரு முனை தேய்ந்திருக்கலாம், கம்பத்தில் ஜம்பர் விட்டிருக்கலாம். ஓவர்லோட் ரிலே (ஆம்பியர் கூடினால் தானே நிறுத்தும் கருவி) சரியாக வைத்திருந்தால் எரிவதற்குள் நிறுத்தியிருக்கும்.

வட்டம் முழுக்க ஒரே சீராகக் கருத்திருந்தால் லோடு அதிகம், அல்லது வோல்டேஜ் குறைவு, அல்லது டிரம் சிக்கிக்கொண்டு சுற்றாமல் நின்றிருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொட்டு வைத்தது போல உருகியிருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கலாம், இல்லை காயில் உரசியிருக்கலாம்.

எங்கள் சைட்டில் வோல்டேஜ் நன்றாகத்தான் இருக்கிறது, மீட்டர் போர்டில் 230 காட்டுகிறது. அப்புறம் எப்படி வோல்டேஜ் குறைவு?

மீட்டர் போர்டில் 230 இருக்கலாம். மோட்டார் வாயில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதுவும் மோட்டார் கிளம்பும் அந்த ஓரிரு நொடியில்.

2 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 11 ஆம்பியர் எடுக்கும், கிளம்பும்போது அதைப் போல ஐந்து மடங்கு இழுக்கும். வீட்டுக்கு ஒயரிங் செய்து மிஞ்சிய 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) தாமிர ஒயரை 60 மீட்டர் இழுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். போக வர 120 மீட்டர். அந்த ஒயரின் தடை கிலோமீட்டருக்கு சுமார் 12 ஓம், ஆக உங்கள் ஒயரில் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை ஓம். ஓடும்போது 16 வோல்ட் போகும், அது பரவாயில்லை. கிளம்பும்போதோ மோட்டார் வாயில் 170 வோல்ட் நின்றால் பெரிது. மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும், 170-இல் பாதியை விடக் கொஞ்சம்தான் மிஞ்சும். டிரம்மில் ஜல்லி கிடக்கும்போது அந்த இழுவை போதாது. மோட்டார் முனகும், சூடாகும், எரியும். அதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் ஒயர் போட்டால் கிளம்பும்போதும் 200-க்கு மேல் நிற்கும்.

ஒயர் வாங்கக் காசு இல்லை என்பார்கள், அதே ஆட்கள் இரண்டாவது மோட்டாருக்குக் காசு எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒயரைச் சுருளாகச் சுற்றி வைத்தபடி கரண்டு கொடுப்பது இன்னொரு கெட்ட பழக்கம். சூடு வெளியேறாமல் சுருளே உருகும்.

புது மோட்டார் வாங்கப் போகும்போது என்னென்ன குறித்துக்கொண்டு போக வேண்டும்?

பழைய மோட்டாரின் தகட்டை. அதன் மேல் சிமெண்ட் படிந்திருந்தால் உளியால் சுரண்டாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெச்.பி. அல்லது கிலோவாட் (1 ஹெச்.பி. என்பது 746 வாட்), சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), ஆம்பியர், ஃபிரேம் எண், இவை வேண்டும். மோட்டார் பாதத்தில் நிற்கிறதா, முகத்தில் ஃபிளாஞ்ச் வைத்து மாட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகடே இல்லை என்றால் ஸ்கேல் எடுங்கள். மோட்டார் பாதத்தின் அடியிலிருந்து ஷாஃப்ட் மையம் வரை உள்ள உயரம்தான் ஃபிரேம் எண். 90 மி.மீ. என்றால் 90 ஃபிரேம், ஷாஃப்ட் 24 மி.மீ. இருக்கும். 100-க்கும் 112-க்கும் ஷாஃப்ட் 28 மி.மீ. நாலு போல் (1440 ஆர்.பி.எம்.) மோட்டாரில் 2 ஹெச்.பி. பெரும்பாலும் 90-லும், 3 ஹெச்.பி. 100-லும், 5 ஹெச்.பி. 112-லும் வரும். பாதத் துளைகளுக்கு இடையே குறுக்கும் நெடுக்கும் எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 112 ஃபிரேமில் அது 190-க்கு 140. இந்த அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறாது. கோயம்புத்தூர் மோட்டாரைக் கழற்றிவிட்டு வேறு ஊர் மோட்டாரை அதே துளையில் உட்கார வைக்கலாம். ரொம்பப் பழைய மோட்டார்கள் மட்டும் இந்த அளவுக்குள் அடங்காமல் இருக்கும்.

தூசி, தண்ணீர் இரண்டையும் தாங்க ஐ.பி. 55 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். காற்றோட்டத் துளை உள்ள திறந்த பாடி மோட்டாரைக் கலவை மெஷினில் மாட்டுவது சிமெண்ட் மூட்டைக்குள் புதைப்பதற்குச் சமம்.

1440 ஆர்.பி.எம். மோட்டார் ஸ்டாக் இல்லை, 2880 இருக்கிறது, விலையும் கம்மி என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

வேண்டாம். கணக்கைப் பாருங்கள். மோட்டார் புல்லி இரண்டரை அங்குலம், பெரிய புல்லி 15 அங்குலம் என்றால் ஆறில் ஒரு பங்கு. 1440 அங்கே 240 ஆகிறது. ரிங் கியரைச் சுற்றவைக்கும் சின்னப் பல் சக்கரமான பினியனில் 12 பல், ரிங் கியரில் 144 பல் என்றால் இன்னும் பன்னிரண்டில் ஒரு பங்கு. டிரம் நிமிடத்துக்கு 20 சுற்று. கலவை சரியாகக் கலக்கும் வேகம் ஏறக்குறைய அதுதான்.

2880-ஐ மாட்டினால் டிரம் 40 சுற்றும். சுமார் ஒரு மீட்டர் அகல டிரம்மில் அந்த வேகத்தில் ஜல்லியும் மணலும் மேலே போய் விழாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். கலக்கவே கலக்காது. 960 மோட்டாரைப் போட்டால் 13 சுற்று, அது ஆமை வேகம். புல்லியை மாற்றிச் சரிக்கட்டலாமே என்று கேட்பார்கள். மோட்டார் புல்லியை ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைத்தால் பெல்ட் அந்த வளைவில் வளையாது, வழுக்கும். உங்கள் மெஷினில் பல் எண்ணி, புல்லி அளந்து இதே கணக்கைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இரண்டு ஹெச்.பி. இருந்த இடத்தில் ஐந்து போட்டால் இன்னும் பலமாக இருக்குமே?

மோட்டார் பலமாக இருக்கும். பினியன் பல், சாவி (புல்லி ஷாஃப்டில் வழுக்காமல் பிடிக்கும் இரும்புத் துண்டு), பெல்ட் எல்லாம் இரண்டுக்குச் செய்தவை. டிரம் சிக்கினால் முன்பு மோட்டார் நின்றது, இனி பல் உடையும். இரண்டுக்கு மூன்று வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

வீட்டுக் கிணற்று மோட்டார் சும்மா கிடக்கிறது. அதை மாட்டிக்கொள்ளலாமா அண்ணே?

அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கம் இந்தக் கேள்வி அதிகம். மோனோபிளாக் என்றால் முடியவே முடியாது. பம்பும் மோட்டாரும் ஒரே ஷாஃப்ட், புல்லி மாட்ட இடமில்லை, வேகமும் 2880. தனி மோட்டாராக இருந்தாலும் சிங்கிள் பேஸ் பம்பு மோட்டார்கள் பலவற்றில் ஓடுகிற கண்டென்சர் மட்டும்தான் இருக்கும். தண்ணீர் பம்பு கிளம்பும்போது லோடு இல்லை, அதற்கு அது போதும். கலவை மெஷினோ எடுத்த எடுப்பிலேயே கனத்தைத் தூக்க வேண்டும். இதற்கு ஸ்டார்ட் கண்டென்சர் உள்ள மோட்டார் வேண்டும்.

காயில் கட்டலாமா, புதிதே வாங்கலாமா?

என் கணக்கு இது. 1 ஹெச்.பி. வரைக்கும் புதிது வாங்குங்கள். 3, 5 ஹெச்.பி. த்ரீ பேஸ் மோட்டார், வார்ப்பிரும்பு பாடி, ஷாஃப்ட் தேயவில்லை, பேரிங் வீடு லூசாகவில்லை என்றால் கட்டலாம். முன்பே ஒருமுறை கட்டியது என்றால் யோசியுங்கள். ஒவ்வொரு முறை பழைய காயிலைச் சூடு வைத்து உருவும்போதும் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளின் காப்பு கொஞ்சம் போகும், மோட்டார் கூடுதலாகச் சூடாகும்.

கட்டக் கொடுக்கும்போது மூன்று விஷயம் பேசிவிடுங்கள்: தாமிரக் கம்பிதானா, பழைய கம்பியின் கேஜும் சுற்று எண்ணிக்கையும் அப்படியே வருமா, வார்னிஷில் முக்கி அடுப்பில் காயவைத்துத் தருவார்களா. நாளைக்கே வேண்டும் என்று நெருக்கினால் மூன்றாவதைத்தான் சுருக்குவார்கள். வார்னிஷ் காயாத காயில் அதிர்விலேயே உரசிப் போகும்.

புல்லி கழறவே மாட்டேன் என்கிறது. சம்மட்டியால் தட்டலாமா?

தட்டினால் புல்லி வரும், கூடவே மோட்டார் பேரிங்கும் கெடும். பழைய மோட்டார்தானே என்று அடித்தால் புல்லி விளிம்பு உடையும், அதுதான் புது மோட்டாருக்குப் போகப் போகிற புல்லி.

புல்லியை ஷாஃப்டோடு இறுக்கும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூவை முதலில் முழுக்க எடுங்கள். சில புல்லிகளில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இருக்கும், மேலே உள்ளதை மட்டும் எடுத்துவிட்டுப் போராடுபவர்கள் உண்டு. மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மூன்று கால் புல்லர் போட்டுச் சீராக இழுங்கள். வராவிட்டால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

புது ஷாஃப்ட் 28, புல்லித் துளை 24 என்றால் லேத்தில் துளையைப் பெரிதாக்கி, சாவிக் காடியும் வெட்டி வாங்குங்கள். எதிர்மாறாக இருந்தால் நடுவில் புஷ் (இரும்பு வளையம்) அடிக்கலாம். சாவியைப் பட்டையடித்து நுழைக்க வேண்டாம், இறுக்கமாகவும் சமமாகவும் உட்கார வேண்டும்.

மோட்டார் பெட்டியில் ஆறு முனை இருக்கிறது. எப்படிச் சேர்ப்பது?

தகட்டில் போட்டிருக்கிறபடி. நம் ஊர் 415 வோல்ட் த்ரீ பேஸுக்குச் செய்யும் மோட்டார்களில் 3 ஹெச்.பி. வரை பொதுவாக ஸ்டார், 5 ஹெச்.பி. முதல் டெல்டா. மூன்று முனைகளை ஒரே வரிசையில் பட்டை போட்டு இணைத்தால் ஸ்டார், எதிரெதிர் முனைகளை இணைத்தால் டெல்டா.

பழைய 3 ஹெச்.பி.யைக் கழற்றி 5 ஹெச்.பி. மாட்டுகிறவர்கள் பழைய இணைப்பை அப்படியே போட்டுவிட்டு, புது மோட்டார் இழுக்கவில்லை என்று கடையில் போய்ச் சண்டை பிடிப்பார்கள். டெல்டா மோட்டாரை ஸ்டாரில் கட்டினால் இழுவை மூன்றில் ஒரு பங்குதான். எதிர்மாறானது இன்னும் மோசம். ஸ்டார் மோட்டாரை டெல்டாவில் கட்டினால் ஒவ்வொரு காயிலுக்கும் தாங்கும் வோல்டேஜைப் போல 1.7 மடங்கு போகும், சில நிமிடங்களில் புகை வரும்.

டிரம் எதிர்ப் பக்கம் சுற்றுகிறது.

த்ரீ பேஸில் ஏதாவது இரண்டு பேஸை இடம் மாற்றினால் போதும். சிங்கிள் பேஸில் லைனையும் நியூட்ரலையும் மாற்றிப் பிரயோஜனமில்லை, உள்ளே ஸ்டார்ட் காயிலின் இரண்டு முனைகளை மாற்ற வேண்டும். பெல்ட் மாட்டும் முன் ஒரு நொடி மட்டும் கரண்டு கொடுத்துத் திசையைப் பார்த்துவிடுங்கள்.

பெல்ட் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டை விரலால் அழுத்துங்கள். மையத்திலிருந்து மையத்துக்கு ஒரு மீட்டர் என்றால் 16 மி.மீ. போல இறங்கலாம். கம்பி போல இறுக்கினால் முன் பேரிங் போகும். இரண்டு பெல்ட் ஓடும் மெஷினில் ஒன்று மட்டும் அறுந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதியது மட்டும் பாரம் சுமக்கும். புல்லிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க மேஸ்திரியின் நூலே போதும். இரண்டு புல்லி முகத்திலும் சேர்த்து இழுத்துப் பிடித்தால் நாலு இடத்திலும் தொட வேண்டும். பெல்ட் கவரைத் திரும்ப மாட்டாமல் மெஷினைக் கொடுக்காதீர்கள். சித்தாள் அக்காவின் சேலை முந்தானை பக்கத்தில்தான் பறந்துகொண்டிருக்கும்.

பழைய ஸ்டார்ட்டரே போதுமா?

ஹெச்.பி. மாறவில்லை என்றால் போதும், கான்டாக்டர் முனைகளை மட்டும் பாருங்கள். ஓவர்லோடு ரிலேயைத் தகட்டில் உள்ள ஆம்பியரில் வையுங்கள். 5 ஹெச்.பி. த்ரீ பேஸுக்கு அது சுமார் ஏழரை. அடிக்கடி விழுகிறது என்று பத்துக்கு ஏற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ரிலே விழுவது உங்களைத் தொந்தரவு செய்வதற்கு இல்லை. ஒரு பேஸ் போனால் நிறுத்தும் பிரிவென்டரும் சேர்த்துப் போட்டால் நல்லது, கிராமத்து லைனில் அதற்கு வேலை நிறைய.

எர்த் அவசியமா? கட்டாந்தரையில்தானே நிற்கிறது?

நனைந்த தரை, இரும்பு மெஷின், வெறுங்காலோடு சட்டி தூக்கும் ஆட்கள். இதைவிட என்ன வேண்டும்? மோட்டார் பாடியிலிருந்து தனிப் பச்சை ஒயர் மெயின் போர்டின் எர்த் வரைக்கும் போக வேண்டும். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் தானே நிறுத்தும் சுவிட்ச்) போடுங்கள். நியூட்ரலைப் பாடியில் கட்டி எர்த் என்று சொல்லும் ஒயர்மேனை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

பக்கத்துத் தோட்டத்து த்ரீ பேஸில் இருந்து இழுத்துக்கொள்ளலாமா?

விவசாய சர்வீஸ் விவசாயத்துக்கு மட்டும். வேறு வேலைக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் வந்து மதிப்பீடு போடுவார்கள், தோட்டத்துக்காரர்தான் மாட்டுவார். கட்டட வேலைக்கு இ.பி. ஆபீசில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள்.

ஜெனரேட்டரில் ஓடுமா?

ஓடும், ஆனால் மோட்டாரைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 5 ஹெச்.பி. என்பது 3.7 கிலோவாட், நேரடி ஸ்டார்ட்டருக்கு 12.5 கே.வி.ஏ. போல வேண்டும். கல்யாண மண்டபத்து லைட்டுக்கு வரும் சின்னப் பெட்டி இதற்கு ஆகாது.

ஒட்டு (கூரை கான்கிரீட்) போட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் மோட்டார் எரிந்துவிட்டால்?

முதலில் டிரம்மைக் காலி செய்யுங்கள். மோட்டாரைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தால் சித்திரை வெயிலில் கலவை உள்ளேயே இறுகும், அப்புறம் உளி வைத்துக் கொத்த வேண்டும். பெல்ட்டைக் கழற்றி டிரம்மைக் கையால் சாய்த்துக் கொட்டி, தண்ணீரும் கொஞ்சம் ஜல்லியும் போட்டுச் சுற்றிக் கழுவுங்கள். இன்னொரு மெஷின் வரும் வரை கையால் கலந்து ஓட்டுங்கள். எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் இன்ஜினியரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பீம் ஓரத்தில் கண்ட இடத்தில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

மாட்டி முடித்த பிறகு எப்படிச் சோதிப்பது?

வெறும் டிரம்மோடு பத்து நிமிடம். கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸும் ஏறக்குறைய ஒரே ஆம்பியர் காட்ட வேண்டும். அப்புறம் வழக்கமான ஒரு லோடு போட்டுப் பாருங்கள், தகட்டில் உள்ள ஆம்பியரைத் தாண்டக் கூடாது. கலவை குறைந்தது இரண்டு நிமிடமாவது டிரம்மில் சுற்ற வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. மோட்டாரைக் காப்பாற்றுகிறேன் என்று அதைக் குறைக்க வேண்டாம். லோடோடு நின்றுபோனால் மறுபடி பட்டனை அமுக்காமல் காலி செய்துவிட்டுக் கிளப்புங்கள்.

சாயங்காலம் மெஷினைக் கழுவும்போது மோட்டாரையும் கழுவலாமா?

ஐ.பி. 55 என்றாலும் ஓஸை நேராக அதன் மேல் பிடிக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, பின்னால் ஃபேன் கவரில் அடைத்திருக்கும் சிமெண்டைத் தட்டிவிடுங்கள். ஓடும்போது சாக்குப் போட்டு மூடுவதும் தப்பு, காற்று போகாது. ஐப்பசி மழையில் வெளியில் கிடந்த மோட்டாரை அப்படியே கிளப்பாமல் மெக்கர் பார்த்துவிட்டு, ஈரம் காட்டினால் மூடியைக் கழற்றி உள்ளே 100 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டுக் காயவைக்கலாம்.

பழைய மோட்டாரை என்ன செய்ய?

காயில் எரிந்தாலும் தாமிரத்துக்கு எடை உண்டு, அதனால் பட்டறையில் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். மொத்தமாகக் கிலோக் கணக்கில் போடும் முன் ஃபேன், ஃபேன் கவர், முனைப் பெட்டி மூடி, பாத போல்ட்டுகள் இவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதே ஃபிரேம் மோட்டார் இன்னொன்று உங்களிடம் இருந்தால் அதற்கு உதவும், முதலில் உடைவது ஃபேன் கவர்தான்.